தண்ணீர் விடாமல் துளைத்த கல்

அப்சிடியன் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது விழுப்புரத்தில், முப்பத்தோராம் வயதில். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த கறுப்புக் கற்கள் எல்லாம் நான் சுமந்த கற்கள். திண்டிவனம் பக்கம் ஒரு குவாரியில் எட்டு மாதம் ஜல்லி அள்ளினேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே சுலபமாகக் கிடைத்த வேலை. பிறகு லாரியில் கிளீனர், ஓசூரில் சென்ட்ரிங், புதுச்சேரியில் கல் பட்டை தீட்டும் கொட்டகையில் எடுபிடி. எந்த ஊரிலும் நான் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அந்த இடம் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன்.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு ராசிக்கல் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ருத்திராட்சம், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. புதுச்சேரியில் நான் கற்றுக்கொண்டது கல்லில் துளை போடுவது ஒன்றுதான். அதைச் சொன்னதும் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் துளை மிஷின் முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

குஜராத்திலிருந்து அட்டைப்பெட்டிகள் வரும். கல் ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றியிருக்கும். பிரித்தால் தார் மாதிரி கறுப்பு, அதுதான் அப்சிடியன். தேய்த்து மெருகேற்றிய முகத்தில் நம் முகம் தெரியும், சின்னதாக, இருட்டாக. எரிமலைக் குழம்பு வெளியே வந்து கல்லாக இறுகுவதற்குள் சட்டென்று ஆறிவிட்டால் இப்படி ஆகும் என்று கடைக்காரர் போனில் ஒரு வீடியோ காட்டினார். பார்த்தால் கல், உள்ளுக்குள் கண்ணாடி. மனிதன் உருக்காத கண்ணாடி. உடைந்தால் சிப்பியின் உள்பக்கம் போல வளைவு வளைவாகப் பிளக்கும். அந்த ஓரத்துக்கு முன்னால் சவரக் கத்தி ஒன்றுமே இல்லை. முதல் நாளே என் கட்டைவிரலை அது அறுத்தது. வலிக்கவில்லை. செய்தித்தாளில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அறுத்த சில்லைப் பல்புக்கு நேரே பிடித்தேன். கறுப்பு போய்ப் புகை நிறத்தில் வெளிச்சம் ஊடுருவியது. அழகான கல்தான். அதில் சந்தேகமில்லை.

பல வகை வரும். சாய்த்தால் உள்ளே தங்கம் ஓடுகிற மாதிரி மினுங்குவது ஒன்று. வெள்ளைப் பூ விழுந்தது ஒன்று. இவையெல்லாம் புதுச்சேரிக் கடைகளுக்கு, வெள்ளைக்காரர்கள் வாங்குவதற்கு. வெறும் கறுப்பிலும் கொஞ்சம் அங்கே போகும், மீதியெல்லாம் நம் ஜனங்களுக்கு, திருஷ்டிக்கு. உள்ளங்கை அகலத்துக்கு முட்டை வடிவத்தில் இருக்கும். மேலே ஒரு துளை போட்டுச் சிவப்புக் கயிறு கோத்து வாசலில் தொங்கவிட வேண்டும்.

கண்ணாடியைத் துளைக்கும்போது தண்ணீர் வேண்டும். கல்லைத் தண்ணீருக்குள் வைத்து, வைர முனையை விட்டு விட்டு அழுத்தி, பொறுமையாகப் போட வேண்டும். புதுச்சேரிக் கல்லுக்கு அப்படித்தான் போட்டேன். திருஷ்டிக் கல்லுக்கும் அதேபோல் போட ஆரம்பித்தபோது கடைக்காரர் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

“இதுக்கு வெறும்னே போடு.”

“சூடேறுதுண்ணே. ஓட்டையச் சுத்தி தலமுடியாட்டம் கோடு வுழுது.”

“வுழட்டும். ஒடையாத கல்ல ஒரு தடவதான்டா விக்க முடியும்.”

ஒரு மாதம் கழித்துத்தான் முழுதும் விளங்கியது. கல்லை விற்கும்போதே ஒரு முறை சொல்லி அனுப்புவார். வெள்ளிக்கிழமைதோறும் கல்லைக் கழற்றி, பித்தளைக் கிண்ணத்தில் வைத்து, கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை அதன் தலையில் ஊற்ற வேண்டும். கல் முழுசாக இருந்தால் வீடு சுத்தம். உடைந்தால், வீட்டின் மேல் விழுந்த கண்ணைக் கல் தன் மேல் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். வேறு கல் கட்ட வேண்டும். சில கல் முதல் வாரமே பிளக்கும். சில மூன்று நான்கு வாரம் தாங்கும். என் துளையில் விழுந்த கோடுதான் கணக்கு. உடைந்த கல்லோடு வந்த யாரும் சண்டை போட்டதில்லை. பூசணிக்காய் சிதறினால் முகம் தெளிகிற மாதிரி ஒரு தெளிவோடு வருவார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். யாருடைய கண்?

“நீ பேர் சொல்லாத,” என்பார் கடைக்காரர். “பேரை முடிவு பண்ணிக்கினுதான் வர்றாங்க. நாம தலையாட்டுனா போதும்.”

ஒலக்கூர் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழாவில் கடை போட்டிருந்தோம். ஒரு பக்கம் வளையல் கடை, மறுபக்கம் பஞ்சுமிட்டாய். அறுபது வயதுள்ள ஓர் அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னா கல்லுப்பா இது, கரியாட்டம் இருக்குது?”

“எரிமலைக்குள்ள வெந்ததும்மா,” என்றார் கடைக்காரர். “எந்தக் கண்ணும் இத ஒண்ணும் பண்ணாது.”

“நாங்க வேதக்காரங்க. இதெல்லாம் கட்டலாமா?”

“எரிமல எந்த மதம்மா?”

முறையைச் சொன்னார். அம்மா யோசித்தார். “வெள்ளிக்கிழமையா? அது அம்மன் கும்புடறவங்க நாளாச்சே.”

“சேசு செத்தது எந்தக் கெழமம்மா?”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். பிறகு தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். சின்ன மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இப்போது மூன்றாவது, நான்கு மாதம். இதுவாவது நிற்க வேண்டும். கல்லை நான்தான் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் அந்த அம்மா விழுப்புரம் கடைக்கே வந்துவிட்டார். கைக்குட்டையை அவிழ்த்தார். இரண்டு துண்டு. துளைக்கு நேரே பிளந்திருந்தது. கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“தண்ணி ஊத்துனது யாரும்மா?”

“மூத்த மருமவ. சின்னவள கொதிக்கிற தண்ணியத் தூக்க உடுவாங்களா?”

“அவங்களுக்குக் கொழந்தங்க?”

“இல்ல. எம் பெரிய புள்ள பைபாஸ்ல லாரியில அடிபட்டுப் பூட்டான். ரெண்டு வருசம் ஆவுது. இவ எங்ககூடத்தான் கெடக்கிறா.”

கடைக்காரர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. கல்லுதான் சொல்லிச்சு.”

அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். அழுதாரா, நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புதுக் கல்லை எங்கள் ஆளே வந்து கட்டித் தர வேண்டும், அதற்குள் மூத்தவளை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிப் போனார்.

அந்த ஆள் நான். கடைக்காரர் ஒரு கல்லைச் சிவப்புத் துணியில் சுற்றி, கயிறும் கோத்து, துளை மறைய முடிச்சின் மேல் மெழுகு வைத்துக் கொடுத்தார். காலை பத்து மணிக்கு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். காலனியில் தொகுப்பு வீடு. பின்னால் தகரம் சார்த்திய ஒண்டுக்கூரை. வீட்டுக்கு எதிரே அடிபம்புக்குப் பக்கத்தில் என் வயதுடைய ஒரு பெண் துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். கை விரல்களில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிய மண் இன்னும் போகவில்லை.

“நீதான் கல்லுக்காரனா?” என்றாள். “வா வா. நீ கட்டினாத்தான் எனக்குப் பஸ்ஸு. காலையில இருந்து குந்திக்கினு இருக்கேன்.”

“போகலயா?”

“போறத அவங்க கண்ணால பாக்கணுமாம். நான் முன்னாடியே கிளம்பிப் போயி எங்கயாவது மறைஞ்சிருந்து பாத்தா? எங் கண்ணு அவ்ளோ பவரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வீட்டுக்குள் மாமியார், அவருடைய சின்ன மகன், கட்டிலில் கர்ப்பிணி. ஏற்பாடு என்னவென்று மாமியாரே என்னிடம் விளக்கினார். பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் ஆகும் வரை மூத்தவள் வெளியே இருக்க வேண்டும். அதன் பிறகு வந்து தன் ஒண்டுக்கூரையில் இருந்துகொள்ளலாம். ரேஷன் கார்டில் பெயர் அப்படியே இருக்கும்.

“நான் என்னா ராட்சசியா? எம் புள்ளயோட பொண்டாட்டி. ஆறு மாசம், அவ்ளோதான்.”

மகன் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். நான் ஏறினேன். நிலைக்கு மேலே சிலுவை அடித்திருந்தது. அதற்குக் கீழே ஆணி. கல்லை மாட்டக் கையைத் தூக்கினேன். மாட்டவில்லை. இன்றுவரை அதற்குச் சரியான காரணம் எனக்குத் தெரியாது. நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதுபோல எத்தனையோ கற்களைத் துளைத்துக் கொடுத்தவன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அழுதிருந்தால் பேசாமல் மாட்டிவிட்டு இறங்கியிருப்பேன்.

“இது கண்ணாடிம்மா,” என்றேன். “கொதிக்கிற தண்ணி ஊத்துனா ஒடையும். ஓட்டை போட்டதே நான்தான். தண்ணி உடாம போட்டேன். அவங்க ஊத்துனாலும் ஒடையும், நீங்க ஊத்துனாலும் ஒடையும்.”

மகன் என் முழங்காலைப் பிடித்தான். “எறங்குடா கீழ. இன்னா, அவளுக்குச் சொந்தக்காரனா நீ?”

“ஊத்திப் பாருங்க. இந்தக் கல்லும் அதே மாதிரிதான். நீங்களே ஊத்துங்கம்மா.”

கட்டிலிலிருந்து கர்ப்பிணி பேசினாள். அன்று அவள் பேசியது அது ஒன்றுதான். “ஊத்திப் பாத்துடலாம் அத்த. எனக்கும் தெரிஞ்சிக்கணும்.”

தண்ணீர் கொதித்தது. பித்தளைக் கிண்ணம் வந்தது. மூத்தவளை உள்ளே வரக் கூடாதென்று வாசலிலேயே நிற்கவைத்தார்கள். மாமியார் உதடு அசைய ஜெபித்துக்கொண்டே ஊற்றினார். ஆவி எழுந்தது. நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஆவி அடங்கியதும் பார்த்தால் கல் முழுசாகக் கிடந்தது. சூட்டில் மெழுகு உருகி விலகியிருந்தது. துளை தெரிந்தது. சுற்றிலும் ஒரு கோடு கிடையாது. நான் தண்ணீர் விட்டுப் போட்ட துளை. கடைக்காரர் புதுச்சேரிக்குப் போகிற பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு கேட்டபோது அவரே சொன்னார்: ஒரே வீட்டில் இரண்டாவது கல்லும் சீக்கிரம் உடைந்தால் நம்பிக்கை விட்டுப்போகும், அதனால் இரண்டாவது எப்போதும் நல்ல கல்.

மாமியார் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. “நான் ஊத்துனா ஒடையல, பாத்தியா?” என்றார் மெதுவாக. மகன் தலையை ஆட்டினான்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். கல் நல்ல கல் என்றால் மூத்தவள் ஊற்றினாலும் உடையாது. உடையவில்லை என்றால் அவள் கண் மேல் பழி நிற்காது. மூட்டையைப் பிரித்துக்கொண்டு இன்றைக்கே உள்ளே வந்துவிடலாம். கண்ணாடி, துளை, தண்ணீர் என்று யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய முறையிலேயே ஜெயித்துவிடலாம்.

“அந்த அக்காவையும் ஊத்தச் சொல்லுங்க,” என்றேன். “ஒடையலன்னா அவங்க மேல தப்பில்லன்னு ஒத்துக்குவீங்களா?”

மகனும் தாயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “ஒத்துக்கறோம்,” என்றார் மாமியார். அவர் நியாயமான பெண்மணி. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வாசலில் நின்றவள் அசையவில்லை. “எனக்கு வேணாம். போறேன்னு ஒத்துக்கினேன். ஆறு மாசம் போயிட்டு வர்றேன். உட்ருங்க.”

“ஊத்துங்கக்கா,” என்றேன். “ஒடையாது. நான் சொல்றேன் இல்ல.”

“உனக்கு உறுதியா தெரியுமா?”

“தெரியும்.”

கல் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அதை இடுக்கியால் எடுத்து, அடிபம்பிலிருந்து அப்போதுதான் பிடித்துவைத்திருந்த வாளித் தண்ணீரில் போட்டேன். சட்டென்று அடியில் போய் உட்கார்ந்தது. ஆறியதும் துடைத்து எல்லோருக்கும் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. திரும்பக் கிண்ணத்தில் வைத்தேன். சூடான கண்ணாடியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று டீக்கடையில் தம்ளர் கழுவுகிறவனுக்குத் தெரியும். டீக்கடையிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது என் தலைக்குள் வரவே இல்லை. கல்லுக்குள் எதுவோ அப்போதே விட்டுப்போயிருக்கும். வெளியே தெரியவில்லை.

அவள் உள்ளே வந்தாள். மறுபடி கொதித்த தண்ணீர்ப் பாத்திரத்தை முந்தானையால் பிடித்தாள். நிதானமாக ஊற்றினாள்.

சின்னச் சத்தம்தான். சொடக்குப் போட்ட மாதிரி. கல் இரண்டாகப் பிளந்து, பிளந்த முகம் மேலே பார்த்துக் கிடந்தது. ஈரத்தில் அதன் வளைவு பளபளத்தது.

யாரும் கத்தவில்லை. கர்ப்பிணி வயிற்றை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். மகன் வெளியே போய் மூட்டையை எடுத்து, அடிபம்புக்குப் பக்கத்திலிருந்து இன்னும் தள்ளி, தெருவில் கொண்டுபோய் வைத்தான்.

“அண்ணி, கெளம்புங்க. இனிமே வராதீங்க.”

“ஞானஸ்நானம் ஆனப்புறம்னு சொன்னீங்களே?” என்றாள் அவள்.

மாமியார் பதில் சொன்னார். “அப்ப எங்களுக்குச் சந்தேகம். இப்ப கண்ணால பாத்துட்டம் இல்ல. இந்த வாசல்ல கால வைக்காத. உன் பேரக் கார்டுல இருந்து எடுத்துடறோம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ வேற கல்லு கொண்டாப்பா. இதைவிடப் பெருசா. கெட்டியா.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சூடு, குளிர் என்று ஆரம்பித்திருப்பேன் போலிருக்கிறது. மகன் என் கன்னத்தில் ஒன்று விட்டான். பலமாக இல்லை. ஓர் ஈயை ஓட்டுகிற மாதிரி.

மெயின் ரோடு வரை மூட்டையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் குடத்தை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இருபக்கமும் மல்லாட்டைக் கொல்லை. பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். போன வாரம் வரை அவர்களோடு ஒரே வரிசையில் குனிந்தவள்தான்.

“எங்க போவீங்க?”

“கிளியனூர்ல அண்ணன் இருக்கான். அவன் பொண்டாட்டி இருக்கிறா. வாசல் வரைக்கும் போலாம். அப்புறம் பாக்கணும்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துளை மிஷின், மெழுகு, புதுச்சேரிப் பெட்டி, வாளித் தண்ணீர். நான்தான் உடைத்தேன், உங்கள் கண் இல்லை என்று மூன்று நான்கு விதமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“மொதல்ல ஒடையும்னு சொன்ன. ஒடையல. அப்புறம் ஒடையாதுன்னு சொன்ன. ஒடஞ்சிடுச்சு. உனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா.”

குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் பாத்தேன்,” என்றாள். “அது உண்மதான். அவ குளிச்சிட்டு வரும்போது அந்த வயித்தப் பாத்தேன். ஒரு நாள் இல்ல, தெனமும். எனக்கு ஒண்ணு இருந்திருந்தா அந்தாளு போனதுக்கப்புறமும் ஒரு முகம் இருந்திருக்குமேன்னு நெனச்சிக்கினே பாத்தேன். கெடுதலா நெனைக்கலன்னுதான் இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்.”

“அதுல தப்பொண்ணும் இல்லக்கா.”

“கல்லுக்குத் தெரிஞ்சிருக்குது.”

காலையில் அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கண்ணையே கிண்டல் செய்தவள் அவள். அப்போது வீட்டில் மூன்று பேர் அதை நம்பினார்கள். நான் போய் நான்கு பேராக ஆக்கிவிட்டேன்.

அந்த வேலையை நான் உடனே விட்டுவிடவில்லை. மாலையில் விழுப்புரம் போய் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடப்பாவி, என்னைவிட நல்லா யாவாரம் பண்ணிட்டு வந்திருக்கியே,” என்றார். அந்த வீட்டுக்கு இன்னும் பெரிய கல்லாக எடுத்துத் துளைக்கச் சொன்னார். துளைத்தேன். மழை தொடங்கும் வரை அங்கேதான் இருந்தேன். கிளம்பிப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வழக்கம்போல ஒரு காலையில் போதும் என்று தோன்றியது.

அன்று மெயின் ரோட்டில் நானும் அவளும் அரை மணி நேரம் நின்றோம். திண்டிவனம் போகும் டவுன் பஸ் வந்தது. “பொம்பளைங்களுக்குப் பஸ்ஸாவது ஓசி,” என்றாள். மூட்டையை ஏற்றிவிட்டேன். கூட்டம் இருந்தாலும் யாரோ எழுந்ததில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. குடத்தைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.

அவள் அருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் இடுப்பில் குழந்தை இருந்தது. ஒரு வயது இருக்கும். நெற்றியில் பெரிய மைப்பொட்டு. நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் குழந்தையைக் கொடுப்பது இங்கே வழக்கம். யாரும் கேட்டுவிட்டுக் கொடுப்பதில்லை. அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டே குழந்தையை நீட்டினாள்.

“செத்த நேரம் வச்சிக்கோக்கா.”

அவள் குழந்தையைத் தொடவில்லை. எழுந்துகொண்டாள். அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிக் கையால் காட்டிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஆட்களை இடித்து விலக்கிப் பின்பக்கம் போனாள். கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை இருந்த பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். பஸ் கிளம்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள்.